ஜோர்டன் லவ்வைத் தேர்ந்தெடுத்த முடிவை எப்படி மதிப்பிடுவது?

நட்சத்திரக் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் அணியில் இருக்கும்போதே, 2020 டிராஃப்டின் முதல் சுற்றில் ஜோர்டன் லவ் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஜெனரல் மேனேஜர் பிரையன் குட்டகன்ஸ்ட் தேர்ந்தெடுத்தாரே, அது சரியான முடிவா என்பது கேள்வி. ராட்ஜர்ஸ் அதற்குப் பிறகு லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்விபி விருதை இரண்டு முறை பெற்றதைக் காட்டி அது தவறு என்று ஒரு சாராரும், லவ் 2023-இல் ஆடிய ஆட்டத்தைக் காட்டி அது தீர்க்கதரிசனம் என்று மறு சாராரும் சொல்கிறார்கள். இரண்டு வாதங்களுமே பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவுக்கு மதிப்பெண் போடுகின்றன. என் கருத்தைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீரரைத் தேர்ந்தெடுத்தது தகுந்த முடிவு, அதற்கு உண்மையில் கொடுத்த விலை பெரும்பாலோர் நினைப்பதைவிட அதிகம், ராட்ஜர்ஸிடம் நடந்துகொண்ட முறை மோசம். ஒரே நாளில் நிகழ்ந்தவை என்பதால் இம்மூன்றும் ஒரே முடிவாகிவிடாது.

அமெரிக்கக் கால்பந்தை அதிகம் பார்க்காதவர்களுக்கு இரண்டு செய்திகள். தாக்குதல் ஆட்டத்தில் ஏறத்தாழ எல்லாப் பந்தும் குவார்ட்டர்பேக்கின் கை வழியாகவே போகும் என்பதால், அணியில் வேறெந்த இடமும் அந்த இடத்துக்கு ஈடாகாது. டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் போலப் பணத்தைக் கொட்டி வாங்கும் முறை அன்று. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும், முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு கிடைக்கும். ஆகவே ஆண்டுதோறும் நன்றாக ஆடும் அணி எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்கும். சிறந்த குவார்ட்டர்பேக்குகள் முதல் பத்து இடங்களுக்குள் போய்விடுவதால், நல்ல அணியின் மேலாளருக்கு அடுத்த குவார்ட்டர்பேக்கைத் தேடுவது கெட்ட அணியின் மேலாளருக்கு இருப்பதைவிடக் கடினமான வேலை. 2017-இல் கான்சஸ் சிட்டி அணி பேட்ரிக் மஹோம்ஸுக்காக 27-ஆம் இடத்திலிருந்து 10-ஆம் இடத்துக்கு ஏற, அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது 2020 ஏப்ரலில் குட்டகன்ஸ்டின் மேசைமீது என்ன இருந்தது என்று பார்ப்போம். பேக்கர்ஸ் முந்தைய பருவத்தில் 13 வெற்றி, 3 தோல்வியுடன் அரையிறுதிக்கு ஒப்பான மாநாட்டு இறுதிப் போட்டிவரை சென்று, அங்கே சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸிடம் 37-20 என்று தோற்றிருந்தது. ராட்ஜர்ஸுக்கு வயது 36. 2018-இல் கையெழுத்தான 13.4 கோடி டாலர் நீட்டிப்பு ஒப்பந்தம் அவரை 2023 வரை அணியோடு கட்டியிருந்தது. 2017-இல் அவருடைய காரை எலும்பு முறிந்தது. அடுத்த இரு பருவங்களிலும் அவர் முழுமையாக ஆடினார். இன்டர்செப்ஷன்கள், அதாவது எதிரணி பிடித்துக்கொள்ளும் எறிதல்கள், மிகக் குறைவாகவே கொடுத்தார். ஆனால் எறிதல் திறனை அளக்கும் பாசர் ரேட்டிங் அவருக்கு 2018-இல் 97.6, 2019-இல் 95.4. வேறொரு வீரருக்கு அவை கௌரவமான எண்கள். வாழ்நாள் சராசரி நூறுக்கு மேல் வைத்திருந்த ராட்ஜர்ஸுக்கு அவை சரிவின் அறிகுறி. பாதுகாப்பாக ஆடுகிறார், ஆனால் பழைய கூர்மை இல்லை என்று அப்போது எழுதியவர்கள் பலர். பின்னாளில் அவர்களில் பெரும்பாலோர் அதை நினைவுபடுத்திக்கொள்ளவில்லை. முப்பத்தாறு வயதில், அண்மையில் பெருங்காயம் பட்ட, இரண்டு ஆண்டுகளாகத் தன் தரத்துக்குக் கீழே ஆடிய ஒருவர் மறுபடியும் உச்சத்துக்குப் போவார் என்று பந்தயம் கட்டாமல் இருந்ததை அறியாமை என்று சொல்ல முடியாது.

அவருக்கு உதவியாக, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவரை எடுத்திருக்க வேண்டும் என்பது எதிர்வாதங்களில் வலுவானது. 2020-இல் ரிசீவர்கள் நிறைந்து கிடந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் இதைச் சொல்லும்போது உடனே ஜஸ்டின் ஜெஃபர்சனின் பெயரை எடுப்பது நியாயமில்லை. அவர் 22-ஆம் இடத்திலேயே மினசோட்டாவுக்குப் போய்விட்டார். பிராண்டன் ஐயூக்கை 25-ஆம் இடத்தில் 49அர்ஸ் எடுத்துக்கொண்டது. பேக்கர்ஸின் கையில் இருந்தது 30-ஆம் தேர்வு. மயாமிக்கு ஒரு நான்காம் சுற்றுத் தேர்வைக் கூடுதலாகக் கொடுத்து 26-க்கு ஏறி, குட்டகன்ஸ்ட் லவ்வை எடுத்தார். அந்த இடத்தில் அவருக்கு உண்மையாகக் கிடைத்திருக்கக்கூடிய ரிசீவர்கள் 33-இல் சின்சினாட்டி எடுத்த டீ ஹிக்கின்ஸ், 34-இல் இண்டியானாபொலிஸ் எடுத்த மைக்கேல் பிட்மன் போன்றோர்தாம். இருவரும் நல்ல வீரர்கள். அதோடு, 49அர்ஸிடம் பேக்கர்ஸ் தோற்றது ரிசீவர் இல்லாததால் அன்று. அந்தப் போட்டியில் ரஹீம் மோஸ்டர்ட் பந்தைத் தூக்கிக்கொண்டு 220 யார்டு ஓடி, எல்லைக் கோட்டைக் கடந்து நான்கு டச்டவுன்கள் போட்டார். எதிரணிக் குவார்ட்டர்பேக் ஜிம்மி கரோப்போலோ மொத்தமே எட்டு முறைதான் பந்தை எறிந்தார். ஒரு குறையைச் சரிசெய்வதே முதல் சுற்றின் வேலை என்று வைத்துக்கொண்டால், ஓட்டத்தைத் தடுக்கும் வீரர்களைத்தான் தேடியிருக்க வேண்டும்.

குட்டகன்ஸ்டைக் குறை சொல்ல வேண்டிய இடம் முதல் தேர்வு அன்று, அதற்கு அடுத்தவை. இரண்டாம் சுற்றில் ஏ. ஜே. டில்லன் என்ற, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக், மூன்றாம் சுற்றில் ஜோசையா டெகுவாரா என்ற, தடுப்பதும் பிடிப்பதும் செய்யும் டைட் எண்ட். அந்த டிராஃப்ட் முழுவதும் ஒரு ரிசீவர்கூட இல்லை. எதிர்காலத்துக்காக முதல் தேர்வைச் செலவிட்டவர், அடுத்த இரண்டையும் நிகழ்காலத்துக்குச் செலவிட்டிருந்தால் ராட்ஜர்ஸின் மனவருத்தம் பாதியாகக் குறைந்திருக்கும். 2022 ஜனவரியில் 49அர்ஸிடம் 13-10 என்று சொந்த மைதானத்தில் தோற்ற பிளேஆஃப் ஆட்டத்தைப் பாருங்கள். பந்தைத் தூரமாக உதைத்து அனுப்பும் பன்ட் ஒன்று தடுக்கப்பட்டதால் வந்த டச்டவுன்தான் அங்கே பேரிடி என்றாலும், ராட்ஜர்ஸின் எறிதல்கள் ரிசீவர் டவான்டே ஆடம்ஸையும் ரன்னிங் பேக் ஆரன் ஜோன்ஸையும் விட்டு வேறெவரிடமும் ஏறக்குறையப் போகவே இல்லை. மூன்றாவதாக நம்பத்தகுந்த ஒரு கை இல்லாத குறை அன்று அப்பட்டமாகத் தெரிந்தது.

லவ்வைப் பொறுத்தவரை அவர் எளிதான தேர்வு அல்லர். யூட்டா மாநிலப் பல்கலைக்கழக அணிக்காக 2018-இல் 32 டச்டவுன்களும் 6 இன்டர்செப்ஷன்களும் எறிந்தவர், 2019-இல் 20 டச்டவுன்களுக்கு 17 இன்டர்செப்ஷன்கள் கொடுத்தார். இடையில் தலைமைப் பயிற்சியாளரும் தாக்குதல் பயிற்சியாளரும் டெக்சஸ் டெக்குக்குப் போய்விட்டார்கள். உடன் ஆடிய முதல் வரிசை வீரர்கள் பலரும் விலகிவிட்டார்கள். சூழ்நிலை கெட்டதால் எண்கள் கெட்டனவா, அழுத்தம் வந்தபோது வீரரின் உண்மையான குறை வெளிப்பட்டதா என்பதைத் தீர்மானிப்பதுதான் அந்தத் தேர்வின் முழுச் சூதாட்டமும். அந்தச் சூது எப்படியும் போயிருக்கலாம் என்பதற்கு அதே 26-ஆம் இடமே சாட்சி. 2016-இல் டென்வர் 31-இலிருந்து அதே இடத்துக்கு ஏறி, அதேபோல உயரமும் கைவலிவும் கொண்ட பேக்ஸ்டன் லின்ச்சை எடுத்தது. அவர் டென்வருக்காக நான்கு போட்டிகளில் மட்டுமே தொடக்க வீரராக ஆடினார். தேர்வின் அமைப்பு ஒன்றே, விளைவு தலைகீழ். லவ் சோபித்தார் என்ற ஒரே காரணத்துக்காகக் குட்டகன்ஸ்டை மேதை என்பவர்கள், லின்ச்சின் பெயரைக் கேட்கும்போது கொஞ்சம் தயங்க வேண்டும்.

இருந்தும் பேக்கர்ஸுக்கு இந்தச் சூதை ஆடுவதற்கு மற்ற அணிகளைவிடக் கூடுதல் தகுதி இருந்தது என்றே கருதுகிறேன். 1992-இல் ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து பிரெட் ஃபாவரை அட்லாண்டாவிடமிருந்து வாங்கிய அன்றைய மேலாளர் ரான் வுல்ஃப், ஃபாவர் ஒரு போட்டியும் தவறாமல் ஆடிக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் குவார்ட்டர்பேக்குகளை டிராஃப்டில் எடுத்துக்கொண்டே இருந்தார். மார்க் புருனல், மேட் ஹாசல்பெக், ஆரன் புரூக்ஸ் எல்லோரும் அப்படிப் பின்சுற்றுகளில் எடுக்கப்பட்டு, வேறு அணிகளில் தொடக்க வீரர்களானவர்கள். வுல்ஃபின் வழிவந்த டெட் தாம்சன் 2005-இல், தான் மேலாளராக நடத்திய முதல் டிராஃப்டிலேயே, ஃபாவருக்கு 35 வயதானபோது, 24-ஆம் இடம்வரை சரிந்துவந்த ராட்ஜர்ஸை எடுத்தார். குட்டகன்ஸ்ட் இந்த வழியில், இளம் வீரர்களைத் தேடி மதிப்பிடும் ஸ்கவுட்டாக வளர்ந்து 2018-இல் மேலாளர் ஆனவர். இன்னொன்றும் உண்டு: பேக்கர்ஸுக்குத் தனி முதலாளி கிடையாது, லட்சக்கணக்கான பொதுப் பங்குதாரர்களின் சொத்து அது. வயதான நட்சத்திரத்தின் மேல் பாசம் கொண்டு, அடுத்த ஆண்டே கோப்பை வேண்டும் என்று நெருக்கும் கோடீசுவரர் ஒருவர் மேலாளரின் தலைக்குமேல் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்துப் பலன் தரும் முடிவை அங்கே ஒருவரால் எடுக்க முடிகிறது.

ஆனால் 2005-ஐ 2020-க்கு முன்மாதிரியாகக் காட்டுபவர்கள் ஒரு பெரிய வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். லவ்வின் தேர்வுக்கு உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது. 2011-இல் வீரர் சங்கத்துடன் ஏற்பட்ட புதிய ஒப்பந்தம் புதுமுக வீரர்களின் சம்பளத்தை அடியோடு குறைத்தது. 2010-இல் முதலில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபர்டின் ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர். அடுத்த ஆண்டே முதலில் எடுக்கப்பட்ட கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2.2 கோடி. ஒவ்வோர் அணியும் வீரர் சம்பளத்துக்கு இவ்வளவுக்குமேல் செலவிடக் கூடாது என்ற உச்சவரம்பு இருக்கும் லீக்கில், குறைந்த சம்பளத்தில் ஆடும் நல்ல குவார்ட்டர்பேக்கைப் போன்ற சொத்து வேறு இல்லை. மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம். ரசல் வில்சனின் மூன்றாம் சுற்று ஒப்பந்தக் காலத்தில் சியாட்டில் கோப்பை வென்றது அப்படித்தான். லவ் எடுக்கப்படுவதற்கு இரண்டரை மாதங்கள் முன்பு, புதுமுக ஒப்பந்தத்தில் இருந்த மஹோம்ஸுடன் கான்சஸ் சிட்டி வென்றதும் அப்படித்தான். அந்தச் சலுகை விலை நான்கு ஆண்டுகளுக்கே. அணி விரும்பினால் அதிக விலையில் ஐந்தாவது ஆண்டும் உண்டு. லவ் அந்த நான்கில் மூன்றைப் பக்கவாட்டில் நின்றபடியே கழித்தார். 2020-இல் பெருந்தொற்றால் பருவத்துக்கு முந்தைய போட்டிகள் ரத்தானதால், டிம் பாய்லுக்கும் பின்னால் மூன்றாவதாக இருந்த அவருக்குப் பயிற்சி ஆட்டங்கள்கூடக் கிடைக்கவில்லை. குறைந்த சம்பளத்தில் அவர் தொடக்க வீரராக ஆடியது 2023 என்ற ஒரே பருவம். அந்த ஆண்டிலும் ராட்ஜர்ஸின் பழைய ஒப்பந்தம் விட்டுச்சென்ற 4 கோடி டாலருக்கும் மேலான சுமை, 22.48 கோடி டாலர் உச்சவரம்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உட்கார்ந்திருந்தது. ஆக, மலிவான குவார்ட்டர்பேக்கின் மலிவை பேக்கர்ஸ் ஒரு நாளும் அனுபவிக்கவில்லை.

இந்த இழப்பின் அளவை உணர அதே டிராஃப்டில் நடந்த இன்னொரு தேர்வைப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மேலாளர் ஹவி ரோஸ்மன், முந்தைய ஆண்டுதான் தன் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு 12.8 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்திருந்தார். அப்படியிருந்தும் இரண்டாம் சுற்றில், 53-ஆம் தேர்வில், ஜேலன் ஹர்ட்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தார். அங்கேயும் ரசிகர்கள் கொதித்தார்கள். அங்கேயும் மூத்த வீரருடன் உறவு கெட்டது. அங்கேயும் வென்ட்ஸை அனுப்பியபோது 3.3 கோடி டாலருக்கும் மேலான சுமை மிஞ்சியது. வேறுபாடு இதுதான்: வென்ட்ஸ் தடுமாறியதால் ஹர்ட்ஸ் முதல் பருவத்தின் இறுதியிலேயே களமிறங்கினார், 2022 பருவத்தில் புதுமுகச் சம்பளத்திலேயே அணியை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். ஆகவே பேக்கர்ஸ் ஹர்ட்ஸை எடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அது வெறும் பின்புத்தி. சொல்ல வருவது, இருக்கும் குவார்ட்டர்பேக் எப்போது போவார் என்று தெரியாமல் அடுத்தவரை எடுக்கும் மேலாளர், இரண்டாம் சுற்று விலையில் எடுத்தால் காத்திருப்பின் நட்டம் சிறியதாக இருக்கும் என்பதை. முதல் சுற்றுத் தேர்வு, அதோடு ஏறுவதற்கு ஒரு நான்காம் சுற்றுத் தேர்வு என்று செலவிடுபவர், இரண்டு ஆண்டுகளுக்குள் மாற்றம் நிகழும் என்று கணக்கிட்டிருக்க வேண்டும். ராட்ஜர்ஸ் தொடர்ந்து சரிந்திருந்தால் அந்தக் கணக்கு பலித்திருக்கும். அவரோ 2020-இல் 48 டச்டவுன்கள் எறிந்து எம்விபி ஆனார். மறு ஆண்டும் ஆனார்.

அந்த விருதுகளை லவ்வின் வருகை தூண்டிவிட்ட கோபத்தின் கணக்கில் எழுதுபவர்கள் உண்டு. அதை நம்ப எனக்கு எந்தக் காரணமும் இல்லை. மேட் லஃப்ளூர் 2019-இல் பயிற்சியாளராக வந்து, அவருடைய தாக்குதல் திட்டத்தில் ராட்ஜர்ஸுக்கு 2020 இரண்டாவது ஆண்டு. ஆடம்ஸ் உச்சத்தில் இருந்தார். எளிய விளக்கம் இருக்கும்போது மனோதத்துவத்தைத் தேட வேண்டியதில்லை. அதுபோலவே, 2021 ஜனவரியில் டாம்பா பேயிடம் 31-26 என்று தோற்றதற்கும் லவ்வைக் காரணம் காட்ட முடியாது. எட்டுப் புள்ளிகள் பின்தங்கியிருந்தபோது, இரண்டே நிமிடங்கள் மிச்சமிருக்க, எட்டு யார்டு தூரத்திலிருந்து டச்டவுனுக்கு முயலாமல், மூன்று புள்ளி மட்டுமே தரும் ஃபீல்டு கோல் அடிக்கச் சொன்னது பயிற்சியாளரின் முடிவு.

குட்டகன்ஸ்டைத் தயக்கமின்றிக் குறை சொல்லக்கூடியது ராட்ஜர்ஸிடம் நடந்துகொண்ட விதத்தில்தான். டிராஃப்டுக்கு முன் அவரிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. வீரரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதில்லை. எந்த மேலாளரும் கேட்பதில்லை. ஆனால் தன் இடத்துக்கு இன்னொருவர் வருகிறார் என்பதை, பதினைந்து ஆண்டுகள் அணிக்கு உழைத்தவர் மற்றவர்களோடு சேர்ந்து தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வந்திருக்க வேண்டியதில்லை. தகவல் பரிமாற்றம் இன்னும் நன்றாக இருந்திருக்கலாம் என்று குட்டகன்ஸ்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2021 டிராஃப்ட் நாளன்று ராட்ஜர்ஸ் அணிக்குத் திரும்ப விரும்பவில்லை என்ற செய்தி வெடித்தது. ஜூலையில் திரும்பிவந்து செய்தியாளர்களிடம் பேசியபோது, அணி தன்னை எதிலும் கலந்தாலோசிப்பதில்லை என்பதையும் மூத்த வீரர்கள் வழியனுப்பப்படும் விதத்தையும் அவர் பெயர் பெயராகச் சொன்னார். இந்த மனக்கசப்புக்குப் பணத்திலும் விலை உண்டு. 2022 மார்ச்சில், 38 வயதான ராட்ஜர்ஸைச் சமாதானப்படுத்தி வைத்துக்கொள்ளக் கொடுத்த, மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 15 கோடி டாலர் ஒப்பந்தம்தான் அந்த விலை. அதே மாதம் ஆடம்ஸ் லாஸ் வேகாஸுக்குப் போனார். அணி 8 வெற்றி, 9 தோல்வியுடன் பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. அடுத்த குவார்ட்டர்பேக்கைக் கையில் வைத்துக்கொண்டே பழையவருக்கு அவ்வளவு கொடுத்தது, என் பார்வையில், 2020 தேர்வைவிடப் பெரிய பிழை. 2020-இன் நியாயத்தையே அது பாதி அழித்துவிட்டது.

தேர்வின் பயன் 2023-இல் தெரிந்தது. ராட்ஜர்ஸை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பி, அந்த ஆண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றும், முதல் சுற்றில் 15-க்குப் பதிலாக 13-ஆம் இடமும், 2024-க்கான இன்னொரு தேர்வும் பேக்கர்ஸ் பெற்றது. லவ் இல்லாதிருந்தால், 39 வயது வீரருடன் பேரம் பேச அவர்களுக்குத் துணிவு இருந்திருக்காது. ஜெட்ஸுக்காக நான்கே ஸ்னாப்கள், அதாவது பந்து நான்கு முறை ஆட்டத்துக்கு வந்த அளவே, ஆடியதும் ராட்ஜர்ஸின் குதிகால் நாண் அறுந்தது. அது குட்டகன்ஸ்டின் திறமை அன்று, வெறும் அதிர்ஷ்டம். ஆனால் லவ் ஆடியது அதிர்ஷ்டத்தால் அன்று. முதல் ஏழு போட்டிகளில் ஐந்தைத் தோற்ற இளம் அணி, 9 வெற்றி, 8 தோல்வியுடன் கடைசி இடத்தைப் பிடித்து பிளேஆஃபுக்குள் நுழைந்தது. கடைசி எட்டு லீக் போட்டிகளில் லவ் 18 டச்டவுன்கள் எறிந்து ஒரே ஒரு இன்டர்செப்ஷன் கொடுத்தார். டல்லாஸை அதன் மைதானத்திலேயே 48-32 என்று வீழ்த்தினார். 49அர்ஸிடம் 24-21 என்று தோற்றபோது, கடைசி நிமிடத்தில் உடலைத் திருப்பாமல் குறுக்கே எறிந்த பந்து எதிரணியின் கையில் விழுந்தது. 2019-இல் கல்லூரியில் காட்டிய அதே துணிச்சலும் அதே அவசரமும் அந்த ஒரு மாதத்தில் சேர்ந்தே தெரிந்தன. மூன்று ஆண்டுக் காத்திருப்பு அவரை வளர்த்ததா என்பதற்கு ஆம் என்றே சொல்வேன்: கால் வைக்கும் முறையும் பந்தை விடுவிக்கும் நிதானமும் 2021 நவம்பரில் கான்சஸ் சிட்டியிடம் 13-7 என்று தோற்ற, அவர் தொடக்க வீரராக ஆடிய முதல் ஆட்டத்தில் இருந்தவை அல்ல, 2022-இல் திரும்பிவந்த பயிற்சியாளர் டாம் கிளமென்ட்ஸின் கை அதில் தெரிந்தது.

2024 ஜூலையில் லவ்வுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 22 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. அதன்பின் அவர் வெல்லும் தோற்கும் ஒவ்வொரு பிளேஆஃபையும் 2020 தேர்வுக்கான தீர்ப்பாக வாசிப்பது வழக்கமாகிவிட்டது. 2025 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவிடம் 22-10 என்று தோற்றபோதும் அப்படித்தான் எழுதினார்கள். அது கணக்குப் பிழை. ஆண்டுக்கு 5.5 கோடி டாலர் பெறும் குவார்ட்டர்பேக் அந்தப் பணத்துக்குத் தகுதியானவரா என்பது, ஒரே ஒரு முழுப் பருவம் ஆடியவரைப் பார்த்து 2024-இல் எடுத்த இன்னொரு முடிவைப் பற்றிய கேள்வி. அந்த நாளில் மேசைமீது இருந்த வேறு தகவல்களையும் வேறு மாற்று வழிகளையும் வைத்து அதைத் தனியாகத்தான் எடைபோட வேண்டும். 30-ஆம் தேர்வையும் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வையும் கொடுத்து 2020-இல் குட்டகன்ஸ்ட் வாங்கியது கோப்பையை அன்று, ராட்ஜர்ஸ் போகும் நாளில் வெறுங்கையோடு நிற்காமல் இருக்கும் வாய்ப்பை. அந்த வரவு 2023 பருவம் முடிந்த அன்றே வந்து சேர்ந்துவிட்டது.